சில்லறை மாற்றப் போன பாதிரியார்

உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டர் நடப்பட்டது 1935ஆம் வருஷம் ஜூலை 16ஆம் தேதி, அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில். ஒரு மாசம்தான் ஆச்சு. ஆகஸ்டில் மீட்டருக்குக் காசு போடாததற்காக முதல் ஆள் மாட்டினார். மாட்டினவர் ரவுடி இல்லை, கார் வைத்துக்கொண்டு அலட்டும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் இல்லை. ஒரு பாதிரியார்!

அவர் அபராதம் கட்டவில்லை. நீதிபதி முன்னால் போய் நின்றார். மீட்டரில் போட கையில் சரியான காசு இல்லை, பக்கத்து மளிகைக் கடைக்குள் சில்லறை மாற்றப் போனேன், திரும்பி வருவதற்குள் சீட்டு கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னார். நீதிபதி கேட்டார், வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவ்வளவுதான் கதை.

இப்போது அப்படியே 25 வருஷம் தாண்டி லண்டனுக்கு வாங்க. 1960 செப்டம்பர் 19. டிராபிக் வார்டன் என்று ஒரு புது உத்தியோகத்தை உண்டாக்கி, 40 பேரை சீருடையோடு முதன்முதலாகத் தெருவில் இறக்கிவிட்ட நாள். லண்டனில் வார்டன் கொடுத்த முதல் டிக்கெட் ஒரு டாக்டரின் ஃபோர்டு காருக்கு. வெஸ்ட் எண்ட் பகுதியில் ஒரு ஹோட்டலில் ஒருவருக்கு மாரடைப்பு. ஓடிவந்த டாக்டர் காரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார். உள்ளே உயிருக்குப் போராட்டம் நடக்குது, வெளியே கண்ணாடியில் 2 பவுன் அபராதச் சீட்டு. ஊரே கொந்தளித்தது. கடைசியில் அவரையும் விட்டுவிட்டார்கள்.

அட்லாண்டிக்கின் இந்தக் கரையில் முதல் டிக்கெட்டும் ரத்து, அந்தக் கரையில் முதல் டிக்கெட்டும் ரத்து. பார்க்கிங் டிக்கெட்டுக்கு எவ்வளவு வயதோ, அதை எதிர்த்துக் கேட்பதற்கும் அதே வயது. (நம்ம ஆளுங்களுக்கு டிக்கெட் என்றதும் பஸ் டிக்கெட்டும் சினிமா டிக்கெட்டும்தான் ஞாபகம் வரும். அது காசு கொடுத்து வாங்குவது. இது வாங்கினதுக்கு அப்புறம் காசு கொடுப்பது!) பாதிரியார், டாக்டர் ரெண்டு பேர் விஷயத்திலும் இன்னொன்றையும் கவனிக்கணும். ரெண்டு பேரும் "நான் வண்டியை நிறுத்தவே இல்லை" என்று சொல்லவில்லை. நிறுத்தினேன், ஆனால் காரணம் இருக்கு என்றார்கள். அந்தக் காரணத்தைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இருந்தது. அப்புறம் வந்த தொண்ணூறு வருஷத்தில் அந்தக் காது எங்கெங்கே இடம் மாறியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் மீட்டரைக் கொண்டுவந்த மனுஷனைப் பற்றிச் சொல்லியே ஆகணும். கார்ல் மகீ, பத்திரிகைக்காரர். 1920களில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் பத்திரிகை நடத்தினார். ஆல்பர்ட் ஃபால் என்று ஒரு மத்திய மந்திரி, எண்ணெய் வயல்களைத் தெரிந்த கம்பெனிகளுக்குத் தாரைவார்த்த டீபாட் டோம் ஊழல் வெளியே வந்ததில் இவருக்கு முக்கியப் பங்கு. பணமுடையில் இருந்த மந்திரியின் பண்ணையில் திடீரென்று வசதி கொட்டுவது எப்படி என்று செனட் விசாரணையில் போய்ச் சாட்சி சொன்னார். அந்த ஃபால்தான், பதவியில் இருந்தபோது செய்த குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போன முதல் அமெரிக்க மந்திரி.

இப்படி எழுதினால் சும்மா விடுவார்களா? உள்ளூர் நீதிபதி ஒருவர் அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்று மகீக்குத் தண்டனை மேல் தண்டனை கொடுத்தார். கவர்னர் மன்னித்து விடுவித்தார். 1925ல் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் அதே நீதிபதி மகீயைக் கீழே தள்ளி அடிக்க, மகீ கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டு, விலக்கிவிட வந்த ஒரு அப்பாவி மேல் பாய்ந்து அவர் செத்துப்போனார். கொலை வழக்கு நடந்து மகீ விடுதலை ஆனார். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். இதற்குப் பிறகு 1927ல் ஓக்லஹோமா சிட்டிக்கு வந்து பத்திரிகை நடத்தத் தொடங்கினார்.

அங்கே அவருக்குக் கிடைத்த தலைவலி வேறு மாதிரி. கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்கள் காலையில் வந்து கடை வாசலிலேயே காரை விட்டுவிடுவார்கள். சாயங்காலம்தான் எடுப்பார்கள். சாமான் வாங்க வருபவருக்கு இடம் கிடையாது. இத்தனை நேரம்தான் நிறுத்தலாம் என்று சட்டம் இருந்தது. அதை அமல்படுத்த போலீஸ்காரர் டயரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போவார், கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்ப்பார், கோடு அதே இடத்தில் இருந்தால் சீட்டு. (இந்தச் சாக்பீஸை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி பெரிய வேலை இருக்கு.) வர்த்தக சபையின் போக்குவரத்துக் குழுத் தலைவராக மகீயைப் போட்டார்கள். அவர் காசு போட்டால் ஓடும் கடிகாரம் ஒன்றை யோசித்தார். ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரித் தரப்பில் இரண்டு பொறியியல் ஆட்கள், தூசன், ஹேல் என்று பெயர், அதை உருப்படியான இயந்திரமாகச் செய்து கொடுத்தார்கள். ஒரு மணிக்கு ஒரு நிக்கல், அதாவது 5 சென்ட்.

முதலில் தெருவின் ஒரு பக்கம் மட்டும்தான் மீட்டர் நட்டார்கள். ஜனங்கள் எரிச்சலானார்கள். போடுற ரோட்டுக்கு வரி கட்டுறோம், வாங்குற காருக்கு வரி கட்டுறோம், இப்ப நிறுத்துறதுக்கும் காசா? ஆனால் மீட்டர் வைத்த பக்கம் வண்டிகள் வந்து வந்து போயின, கடைகளில் வியாபாரம் ஏறியது. எதிர்ப்பக்கக் கடைக்காரர்கள் எங்க பக்கமும் வையுங்க என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1940களின் தொடக்கத்துக்குள் அமெரிக்கா முழுக்க சுமார் 1,40,000 மீட்டர்கள்.

வழக்குகளும் கூடவே வந்தன. பாதிரியார் மாதிரி "எனக்கு ஒரு காரணம் இருக்கு" என்ற ரகம் இல்லை, "இந்த மீட்டரே செல்லாது" என்ற ரகம். வாதம் இதுதான். தெரு பொதுச் சொத்து. நெரிசலை ஒழுங்குபடுத்த நகராட்சிக்கு அதிகாரம் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். அந்த ஒழுங்குக்கு ஆகிற செலவை கட்டணமாக வாங்கினாலும் சரி. ஆனால் ஒழுங்கு என்று பெயர் சொல்லிக்கொண்டு கஜானாவை ரொப்பினால் அது கட்டணம் இல்லை, வரி. வரி போட உனக்கு அதிகாரம் இருக்கா?

1937ல் ஒரே வருஷத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு மாநில உச்ச நீதிமன்றங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லின. ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் மீட்டர் செல்லும் என்றது. அலபாமா உச்ச நீதிமன்றம், பர்மிங்காம் நகரத்தில் (இங்கிலாந்து பர்மிங்காம் இல்லை, அலபாமா பர்மிங்காம்) கட்டட உரிமையாளர் தரப்பு தொடுத்த வழக்கில், செல்லாது என்றது. 1940ல் வட கரோலினா உச்ச நீதிமன்றமும் ராலே நகர வழக்கில் நகராட்சிக்கு எதிராகவே சொன்னது. பிறகு மெதுவாக எல்லா மாநிலத்திலும் காற்று நகராட்சிப் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் வசூல், ஒழுங்குபடுத்தும் செலவுக்குப் பொருத்தமாக இருக்கணும் என்கிற நிபந்தனையைப் பல நீதிமன்றங்கள் தீர்ப்பில் எழுதிவைத்தன. எழுதிவைத்ததோடு சரி. இதைப் பின்னால் நியூயார்க்கும் சிகாகோவும் என்ன பாடு படுத்தின என்று பார்க்கத்தானே போகிறோம்.

மீட்டர் மேல் ஜனங்களுக்கு இருந்த கடுப்புக்கு ஒரு சினிமா உதாரணம். 1967ல் வந்த கூல் ஹேண்ட் லூக் படத்தில் பால் நியூமன் குடித்துவிட்டு, குழாய் அறுக்கும் கருவியால் வரிசையாகப் பார்க்கிங் மீட்டர்களின் தலையை வெட்டிச் சாய்ப்பார். போரில் பதக்கம் வாங்கிய வீரன். அதுக்கு இரண்டு வருஷம் ஜெயில்! மொத்தப் படமும் அங்கிருந்துதான் கிளம்பும். ஆஸ்திரேலியாவில் சர்ஃபர்ஸ் பாரடைஸ் கடற்கரையில் வேறு மாதிரி எதிர்ப்பு. மீட்டர் வந்தால் சுற்றுலாப் பயணி ஓடிப்போயிடுவான் என்று பயந்த ஒரு வியாபாரி, 1965ல் தங்க நிற நீச்சலுடையில் பெண்களை இறக்கிவிட்டார். நேரம் முடிந்த மீட்டரைத் தேடிப் போய்க் காசு போட்டு, வண்டிக்காரரை அபராதத்திலிருந்து காப்பாற்றுவதுதான் அவர்கள் வேலை. டிக்கெட்டை எதிர்ப்பதில் இதுவும் ஒரு வழிதான் :-)

லண்டனுக்கு மீட்டர் வந்தது 1958 ஜூலை 10, மேஃபேர் பகுதியின் குரோவ்னர் சதுக்கத்தில். ரெண்டு வருஷத்தில் வார்டன்களும் வந்துவிட்டார்கள். முதல் நாளே 344 டிக்கெட். நம்ம டாக்டர் அதில் முதல் ஆள்.

இதுவரைக்கும் ஒரு விஷயம் தெளிவு. டிக்கெட் வாங்கியவர், சட்டத்தின் கண்ணில், சின்ன அளவில் ஒரு குற்றவாளி. அதில் அவமானம் உண்டு. ஆனால் கூடவே ஒரு பாதுகாப்பும் உண்டு. குற்றம் என்றால் அரசாங்கம்தான் நிரூபிக்கணும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கணும், நீதிபதி முன்னால் நிரூபிக்கணும். சில்லறை மாற்றப் போனவரின் பேச்சு எடுபட்டதற்கு அந்த இடமும் ஒரு காரணம்.

சிக்கல் என்னன்னா, கார்கள் பெருகப் பெருக நீதிமன்றங்கள் மூச்சு முட்டிப்போயின. திருட்டு, அடிதடி வழக்குகளோடு லட்சக்கணக்கில் பார்க்கிங் சீட்டுகளும் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? 1970ல் நியூயார்க் நகரம் ஒரு வழி கண்டுபிடித்தது. பார்க்கிங் மீறலைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து எடுத்து, அதற்கென்றே ஒரு தனி அலுவலகத்தை உண்டாக்கியது. இனிமேல் இது குற்றம் இல்லை, நிர்வாக விதி மீறல். விசாரிப்பவர் நீதிமன்ற நீதிபதி இல்லை, அந்த அலுவலகம் அமர்த்திய விசாரணை அதிகாரி. பெயரில் களங்கம் இல்லை, ஜெயில் பயம் இல்லை. நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் நிரூபிக்க வேண்டிய சுமையும் இளகிப்போச்சு. சீட்டில் எழுதியிருப்பதே சாட்சி. அது தப்பு என்று காட்டுவது உங்கள் பாடு.

காசு கொட்டுகிற இடத்தில் ஈ மொய்க்காமல் இருக்குமா? 1986 தொடக்கத்தில் நியூயார்க்கே அதிர்ந்தது. கட்டாத அபராதங்களை வசூலித்துக் கொடுக்க தனியார் கம்பெனிகளை நியமித்திருந்தார்கள். அந்த ஒப்பந்தங்களுக்கு லஞ்சம் வாங்கியவர் அதே பார்க்கிங் அலுவலகத்தின் துணை இயக்குநர். பங்கு வாங்கிக்கொண்டவர் குவீன்ஸ் பகுதியின் தலைவர் டொனால்ட் மானஸ். நகரத்தின் பெரும் புள்ளிகளில் ஒருவர். இன்னொரு பக்கம், கையில் வைத்துக்கொண்டே டிக்கெட் அடிக்கும் சின்னக் கணினியைச் செய்து தருவதாக ஒரு கம்பெனிக்குப் பெரிய ஒப்பந்தம். அந்தக் கம்பெனியில் பிராங்க்ஸ் பகுதி ஜனநாயகக் கட்சித் தலைவர் ஸ்டான்லி ஃப்ரீட்மனுக்கு ரகசியப் பங்கு. விசாரணை நெருங்கிய நேரத்தில் 1986 மார்ச்சில் மானஸ் தற்கொலை செய்துகொண்டார். ஃப்ரீட்மன் மீதான வழக்கில் அரசுத் தரப்பில் நேரடியாக வாதாடியவர் ரூடி ஜூலியானி, பின்னாளில் நியூயார்க் மேயரானவர். நவம்பரில் ஃப்ரீட்மன் குற்றவாளி என்று தீர்ப்பு. மந்திரியின் ஊழலைக் கிளறிய பத்திரிகைக்காரர் கண்ட மீட்டரைச் சுற்றி அரை நூற்றாண்டு கழித்து இப்படி ஒரு ஊழல். மகீ இருந்திருந்தால் நாலு பத்தி எழுதியிருப்பார்.

சிகாகோ இன்னும் ஒரு படி மேலே. 2008 டிசம்பரில் நகரத்தின் மீட்டர்கள் மொத்தத்தையும் 75 வருஷத்துக்கு ஒரு தனியார் முதலீட்டுக் குழுவிடம் குத்தகைக்கு விட்டது. சுமார் 115 கோடி டாலர். அடுத்த வருஷமே நகரத்தின் கண்காணிப்பு அதிகாரி கணக்குப் போட்டு, இந்த மீட்டர்களின் மதிப்பு இதைவிட கிட்டத்தட்ட 97 கோடி டாலர் அதிகம் என்றார். திருவிழாவுக்காகத் தெருவை அடைத்தால், மீட்டரில் விழாமல் போன காசுக்கு நகராட்சியே நஷ்டஈடு கட்டணும்! 1937ல் "ஒழுங்குக்குத்தானே, வருமானத்துக்கு இல்லையே?" என்று கேட்ட நீதிபதிகள் யாராவது இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

டிக்கெட்டை எதிர்க்கவே தேவை இல்லாத ஒரு கூட்டமும் நியூயார்க்கில் இருந்தது. ஐ.நா. சபைக்கு வந்த தூதரக அதிகாரிகள். அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, டிக்கெட் கொடுக்கலாம், வசூலிக்க முடியாது. ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகேல் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் இதை எடுத்து ஆராய்ந்தார்கள். 1997 நவம்பரிலிருந்து 2002 நவம்பர் வரை ஐந்து வருஷத்தில் தூதரகக்காரர்கள் கட்டாமல் விட்ட டிக்கெட்டுகள் 1,50,000க்கு மேல், தொகை 1.8 கோடி டாலருக்கு மேல். குவைத் முதலிடம், ஆளுக்கு வருஷத்துக்கு சராசரி 240ஐத் தாண்டியது. நார்வே, ஸ்வீடன் ஆட்கள் ஒன்றுகூட பாக்கி வைக்கவில்லை. 2002 இறுதியில், கட்டாவிட்டால் நம்பர் பிளேட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம், உதவித்தொகையில் கழிக்கலாம் என்று சட்டம் வந்தது. மீறல்கள் 90 சதவீதத்துக்கு மேல் விழுந்துவிட்டன. மகான்கள் எல்லாம் ஒரே மாதத்தில் திருந்திவிட்டார்கள் :-)

மறுபடி பிரிட்டன். 1991 சாலைப் போக்குவரத்துச் சட்டம் நியூயார்க் வழியில் போனது. பார்க்கிங் விஷயத்தை போலீஸ், மாஜிஸ்ட்ரேட்டிடமிருந்து எடுத்து உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தது. 1994க்குள் லண்டன் முழுக்க அமல். பிறகு படிப்படியாக மற்ற ஊர்கள். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். முதலில் மன்றத்திடமே முறையிடலாம், அது மறுத்தால் மன்றத்தைச் சாராத ஒரு நடுவரிடம் இலவசமாக மேல்முறையீடு செய்யலாம். அந்த நடுவர் ஒரு வழக்கறிஞர், மன்றத்தின் சம்பள ஆள் கிடையாது.

அப்படியும் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். கேட்க சலுகை மாதிரி இருக்கும். நிஜத்தில் அது ஒரு சூதாட்டம். நியாயம் என் பக்கம் என்று நடுவர் வரை போய்த் தோற்றால் முழுத்தொகை. பேசாமல் பாதியைக் கட்டினால் நிம்மதி. அலைச்சலுக்குப் பயந்த மனுஷன் எதைச் செய்வான்? லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் டிக்கெட் வாங்கும் நூறு பேரில் ஒருவர்கூட நடுவர் வரை போவதில்லை. போகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஜெயிக்கிறார்கள். இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க, எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருக்கு.

சில பேர் மட்டும் விடாக்கண்டர்கள். அவர்கள் எடுத்த ஆயுதம் 1689ஆம் வருஷத்து உரிமைச் சட்டம். மன்னர்கள் விசாரணைக்கு முன்னாடியே ஆளுங்க சொத்தைப் பிடுங்கித் தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கொடுத்த காலம் அது. அதைத் தடுக்க, குற்றம் தீர்ப்பாகும் முன் விதிக்கப்படும் அபராதமும் பறிமுதலும் செல்லாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நீதிமன்றமே விசாரிக்காமல் எனக்கு எப்படி அபராதம் போட்டாய் என்று கேட்டார்கள் கார்க்காரர்கள். இதற்குத் தெம்பு கொடுத்தது ஒரு வாழைப்பழ வழக்கு. சண்டர்லேண்டில் ஒரு பழக்கடைக்காரர் கிலோவில் விற்காமல் பவுண்டில் விற்றதாகத் தண்டிக்கப்பட்டார். 2002ல் அவர் தோற்றாலும், அந்தத் தீர்ப்பில் நீதிபதி லாஸ் ஒரு விஷயம் சொன்னார். அரசியலமைப்புத் தகுதி உள்ள சில சட்டங்களை, பின்னால் வரும் சட்டம் வெளிப்படையாகச் சொல்லாமல் ரத்து செய்துவிட முடியாது. 1689 சட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிடிச்சாங்க பாருங்க நூலை! ஆனால் நடுவர்களும் ஏற்கவில்லை, 2006ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. வாதம் தோற்றாலும், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மன்னர் கதையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிங் சீட்டோடு மல்லுக்கு நின்றவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த கட்டத்தில் அரசாங்கமே ஒதுங்கிவிட்டது. தனியார் இடத்தில் வண்டிச் சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் அடாவடி இங்கிலாந்தில் பிரபலம். 2012 சட்டம் அதைத் தடை செய்தது. பதிலுக்கு, ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் வண்டியின் பதிவாளரிடமே தனியார் கம்பெனி காசு கேட்கலாம் என்று வழிவிட்டது. இது அபராதம் அல்ல. நீங்கள் பலகையில் உள்ள நிபந்தனையைப் படித்து ஒப்பந்தம் செய்துகொண்டதாகவும் அதை மீறியதாகவும் அர்த்தம்!

2013 ஏப்ரலில் செம்ஸ்ஃபோர்டு ஊரில் ஒரு கடைத்தொகுதியில் பேரி பீவிஸ் என்பவர் காரை விட்டார். பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடைக்காரர். இரண்டு மணி நேரம் இலவசம். அவர் 56 நிமிஷம் கூடுதலாக இருந்துவிட்டார். பார்க்கிங்ஐ கம்பெனி 85 பவுன் கேட்டது. மனுஷன் கட்டவில்லை. இலவச இடத்தில் 56 நிமிஷத்தால் உனக்கு என்ன நஷ்டம், ஒண்ணுமில்லாததுக்கு 85 பவுனா என்பது அவர் கேள்வி. சட்டத்தில் இதற்கு நூறு வருஷத்து வேர் இருந்தது. 1915ல் டன்லப் டயர் கம்பெனி வழக்கிலிருந்து, ஒப்பந்தம் மீறினால் இவ்வளவு என்று எழுதி வைக்கும் தொகை, நஷ்டத்தின் நியாயமான மதிப்பீடாக இருக்கணும், மிரட்டலாக இருந்தால் செல்லாது என்பதே விதி. டயரில் ஆரம்பித்த சட்டம் பார்க்கிங்கில் வந்து நின்றது, பொருத்தம்தான்.

கீழ்க்கோர்ட், மேல்கோர்ட், உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பர் 4ல் தீர்ப்பு. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அவருக்கு எதிர். அந்தக் கம்பெனி இடத்துக்காரரிடமிருந்து காசு வாங்கவில்லை, மாறாக வாரம் 1,000 பவுன் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதும் வழக்கில் வெளியே வந்தது. அதாவது அதன் பிழைப்பே நேரம் தவறுகிறவர்களை நம்பித்தான். அதனால் என்ன, வண்டிகள் வந்து வந்து போவதில் நியாயமான நலன் இருக்கு, தொகை வரம்பு மீறியதில்லை, பலகைகள் பெரிசா தெளிவா இருந்தன என்றது பெரும்பான்மை. மகீ 1935ல் சொன்ன அதே காரணம்தான், கடைக்கு வருகிறவருக்கு இடம் வேணும். டன்லப் அளவுகோலே இந்தத் தீர்ப்போடு மாறிப்போனது. இன்று ஆங்கில ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் அத்தனை பேரும் அந்த 56 நிமிஷத்தைப் படித்தாகணும். இந்தக் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட 2019ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2022 பிப்ரவரியில் நடத்தை விதிகளை வெளியிட்ட அரசாங்கம், கம்பெனிகள் வழக்குத் தொடுத்ததும் ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கேட்கும் காது மனுஷக் காதாக இருக்கணும் என்றுகூட இல்லை என்ற நிலையும் வந்தது. லண்டனில் 18 வயதில் கார் ஓட்ட ஆரம்பித்து ஏகப்பட்ட டிக்கெட் வாங்கிய ஜோஷுவா பிரௌடர், 2015ல் டூநாட்பே என்ற உரையாடல் மென்பொருளை எழுதினார். அது நாலு கேள்வி கேட்கும், முறையீட்டுக் கடிதத்தை எழுதித் தந்துவிடும். 2016ல் அவர் சொன்ன கணக்கில் 1,60,000 டிக்கெட்டுகள் ரத்தாகியிருந்தன. பிறகு அதே கம்பெனி தன்னை ரோபோ வக்கீல் என்று விளம்பரம் செய்துகொள்ள, அந்தத் தரத்தைச் சோதித்துப் பார்க்கவே இல்லை என்று 2024ல் அமெரிக்க வணிக ஆணையம் பிடித்தது. 1,93,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். அபராதத்தை எதிர்க்கும் கம்பெனி அபராதத்தை எதிர்க்காமல் கட்டியது!

கடைசியா அந்தச் சாக்பீஸ். மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்று ஒரு சின்ன ஊர். அங்கே அலிசன் டெய்லர் என்ற பெண்மணிக்கு 2014 முதல் 2017 வரை 15 டிக்கெட். எல்லாமே டயரில் கோடு போட்டுப் பிடித்தவை. அவர் "நான் அங்கே அவ்வளவு நேரம் நிற்கவில்லை" என்று வாதாடவில்லை. என் டயரில் கோடு போட நீ யார் என்று கேட்டார். அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், காரணமில்லாத சோதனையைத் தடுக்கிறது. 2012ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒருவர் காரில் அவருக்குத் தெரியாமல் ஜி.பி.எஸ். கருவியை ஒட்டிவைத்ததை, அவர் பொருளைத் தொட்டு தகவல் திரட்டியதால் அதுவும் சோதனைதான் என்று சொல்லியிருந்தது. சாக்பீஸ் கோடும் அதைத்தானே செய்கிறது? பொருளைத் தொடுகிறது, வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்ற தகவலைத் திரட்டுகிறது.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 2019 ஏப்ரலில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆமாம், இது சோதனைதான் என்றது. நகராட்சி விடாமல் இது நிர்வாகத் தேவைக்கான சோதனை, விலக்கு உண்டு என்று திரும்ப வந்தது. 2021ல் அதையும் தள்ளிவிட்டார்கள். கோடு போடும் நேரத்தில் அந்த வண்டி எந்த விதியையும் மீறவில்லை, சட்டப்படி நின்றுகொண்டிருக்கிறது, அப்போது அதைத் தொட என்ன காரணம் என்பதுதான் நீதிபதிகளை உறுத்திய கேள்வி. மிச்சிகன், ஒஹாயோ, கென்டக்கி, டென்னஸி நாலு மாநிலத்துக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

மேற்குக் கரையில் சான் டியேகோ கார்க்காரர்கள் அதே வாதத்தோடு ஒன்பதாவது வட்டார நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 அக்டோபரில் அது நேர்மாறாகச் சொன்னது. தெருவில் நெரிசலைச் சமாளிக்கும் சாதாரண வேலை இது, சாக்பீஸால் யாருக்கும் கேடில்லை, செல்லும். ஆக, கலிஃபோர்னியாவில் டயரில் கோடு போட்டால் அது போக்குவரத்து ஒழுங்கு. மிச்சிகனில் அதே கோட்டைப் போட்டால் அது அரசியலமைப்பு மீறல்.